ரேடியோ கா கா: திரை இல்லாமல் ஒரு வாரம்

போன மாதம் போனின் டிஸ்ப்ளே உடைந்துவிட்டது, கடையில் பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆனது. அதுவரை பழைய சிடி பிளேயரில்தான் பாட்டு. குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ரேடியோ கா கா' பாட்டை இருபது வருஷமாகக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன், பாதி நாள் அதன் வீடியோவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய பாட்டு, 1984 ஜனவரியில் வந்தது. பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி சேனல் தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மணிக்கணக்கில் வீடியோவே பார்ப்போம், காதுக்கு வேலையே இருக்காது என்று பாட்டிலேயே சொல்லிவிட்டார். இருட்டில் தனியாக ரேடியோவோடு உட்கார்ந்து வளர்ந்தவனின் ஏக்கம் அது, அப்படியே பலித்துவிட்டது.

சிடியில் கேட்டபோதுதான் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மேயின் ஸ்லைடு கிட்டார் எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது. அடியில் சின்தசைசர் ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருக்க, மேலே அது மெதுவாக வழுக்கி வழுக்கிப் போகிறது. வீடியோவில் 'மெட்ரோபொலிஸ்' என்ற பழைய மௌனப் படத்துக் காட்சிகளின் பின்னால் கண் ஓடிவிடும், கிட்டார் எப்போது வந்து போனது என்றே தெரியாது.

போன் திரும்பி வந்தது, எரிச்சலும் கூடவே வந்தது. நான் வைத்திருக்கும் வீடியோ செயலியில் திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது, காசு கட்டினால்தான் அணைத்துவிட்டுக் கேட்க முடியுமாம். ஒளிரும் திரையோடு போனைச் சட்டைப் பையில் போட்டால் துணி உரசி அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது. எனக்குக் காது மட்டும் போதும் என்கிறேன், அதற்கு எதற்கு நான் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்?

ஆனால் வீடியோவை மட்டமாகப் பேசவும் மனசு வரவில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கி இரண்டு தட்டு தட்டுவது அதில் ரசிகர்கள் செய்து காட்டியதுதான். 1985 ஜூலை 13, லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி நாளில், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் குவீன் இதைப் பாடியபோது சுமார் 72,000 பேர் அதையே ஒன்றாகத் தட்டினார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எதில் கேட்கலாம் என்று நண்பன் கேட்டான். சிடிதான், கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றேன். சொல்லி வைத்த பத்தாவது நிமிஷம் வெம்ப்ளி வீடியோ லிங்க்கை அனுப்பிவிட்டேன், அந்தக் கைகளை அவன் பார்த்தே ஆக வேண்டும்.