கால் எடுத்தவருக்கு இறுக்கக் காலுறை விற்கிறார்கள், உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சர்க்கரை நோயால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ரத்தம் உறைந்து கட்டி வரலாம், அது நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, டாக்டர் ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். அந்த பயத்தில்தான் ஆன்லைனில் மருத்துவச் சாமான் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன்.

உடனே கடையின் விற்பனையாளரிடமிருந்து போன். "அப்பா நல்லா தூங்குறாரா சார், வலி குறைஞ்சிருக்கா?" என்று வீட்டு ஆள் மாதிரி கேட்டார். அறுவை சிகிச்சையில் பெரிய ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுவதால் அங்கே ரத்தம் தேங்கும், நடமாட்டம் இல்லாததால் மற்ற காலிலும் தேங்கும் என்று பொறுமையாக விளக்கினார். அத்தனையும் உண்மை. அதனால்தான் நம்பினேன். அப்புறம் மெதுவாகப் பொய்யைச் செருகினார்: காலை இறுக்கிப் பிடிக்கும் இந்தக் காலுறையும், காற்றால் காலை அமுக்கிவிடும் மெஷினும் யாருக்கும் ஒத்துக்கொள்ளும், ஊசி கூடத் தேவைப்படாது. முழுசாக ஒரு மாதச் சம்பளம் போனது.

காலுறை மாட்டிய மறுநாளே இடது கால் விரல்கள் வெளிறி ஜில்லென்று இருந்தன. கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகத் தடம். கட்டு மாற்ற வந்த நர்ஸ் பார்த்த கையோடு கழற்றி எறிந்தார். சர்க்கரையால் வந்து ஒரு காலை வாங்கிய ரத்தக்குழாய் அடைப்பு மற்ற காலிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகலாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை மாட்டவே கூடாதாம். பெட்டிக்குள் இருந்த தாளிலும் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது! விற்றவர் ஒரு வார்த்தை கேட்டாரா?

பணத்தைக் கேட்டால், "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்." பிறகு, "உடம்பில் பட்ட பொருளை எடுக்க மாட்டோம்." சரி, பிரிக்காத மெஷினையாவது எடுங்கள் என்றால், "செட்டாக வித்தோம், செட்டாகத்தான் எடுப்போம்." கடைசியாக வேறொரு குரல்: "டாக்டரைக் கேட்டிருக்கலாமே சார்." ஒரு மாதச் சம்பளம்!

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டும். டாக்டரைத் தவிர எவன் சொன்னாலும் ஊசியை நிறுத்தாதீர்கள். எடுத்த காலின் மீதிப் பகுதியிலும் ரத்தக்கட்டி வரலாம். திடீரென்று வீங்கினால், தொட்டால் சூடாக இருந்தால், புண் ஆறுகிறது என்று விடாமல் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். மூச்சு திணறினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.