சூரியனைத் தொடரும் கண்ணாடி: கடிகாரமா, சென்சாரா, கணக்கா?

நாள் முழுதும் வெயிலை ஒரே இடத்துக்குத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் கருவிதான் ஹீலியோஸ்டாட். அதில் கண்ணாடி சூரியனைப் பார்த்து நிற்கக் கூடாது. சூரியனுக்கும் வெளிச்சம் விழவேண்டிய இடத்துக்கும் நட்டநடுவான திசையைப் பார்க்க வேண்டும். கண்ணாடி 0.1° பிசகினால் ஒளி 0.2° பிசகும், 10 மீட்டர் தள்ளி அது 3.5 செ.மீ. இந்தப் பிசகை எது நன்றாக அடக்குகிறது என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன.

கடிகார முறைக்கு ஒரே மோட்டார் போதும். புவி அச்சுக்கு இணையான தண்டு, மணிக்கு 15° சுழற்சி. ஆனால் ஒளி அந்த அச்சின் வழியேதான் போகும். அதை வேண்டிய பக்கம் திருப்ப அசையாத இன்னொரு கண்ணாடி தேவை. அங்கே வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். மார்ச், செப்டம்பரில் சூரியன் நாளுக்கு 0.4° வடக்கு தெற்காக நகர்வதால் சாய்வைத் தினமும் 0.2° கையால் திருத்த வேண்டும். ஜூன் 21, டிசம்பர் 21ஐ ஒட்டிய வாரங்களில் மட்டும் ஓய்வு.

சென்சார் முறையில் கண்ணாடிக்கும் இலக்குக்கும் இடையிலான நேர்கோட்டில் ஒரு குழாயை அசையாமல் நட்டு, அதன் அடியில் சிலுவைத் தடுப்பு வைத்து ஒளியை உணரும் நான்கு போட்டோடயோடுகள் பொருத்துவார்கள். சென்சாரைக் கண்ணாடியிலேயே ஒட்டினால் கண்ணாடி சூரியனை நோக்கித் திரும்பிவிடும். பலரும் செய்யும் தவறு இது. அடித்தளம் சாய்ந்திருந்தாலும் கியர் தேய்ந்திருந்தாலும் இந்த முறைக்குக் கவலையில்லை, அது பெரிய பலம். மேகம்தான் எதிரி. அரை மணி நேரம் மூடினால் சூரியன் 7.5° நகர்ந்திருக்கும், திரும்பி வரும் ஒளி குழாய்க்குள் விழவே விழாது. மேகத்தின் பிரகாசமான ஓரத்தைத் துரத்திக்கொண்டு போவதும் உண்டு.

எங்கள் தேர்வு கணக்கு முறை. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சிப் சூரியன் இருக்கும் திசையைக் கணக்கிட்டு இரண்டு அச்சுகளையும் நகர்த்தும். மேகம் விலகும்போது கண்ணாடி சரியான இடத்தில் காத்திருக்கும். நார்வேயின் ரியூகான் நகரச் சதுக்கத்துக்கு 2013 முதல் மலைமேலிருந்து வெயில் அனுப்பும் மூன்று பெரிய கண்ணாடிகளையும் கணினிதான் திருப்புகிறது.

ஒரு சுற்றை 200 படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாருடன், திருகு வடிவத் தண்டு பல்சக்கரத்தைத் திருப்பும் 60:1 வார்ம் கியர் சேர்த்தால் ஒரு படிக்கு 0.03°, 10 மீட்டரில் ஒளி நகர்வது சுமார் 1 செ.மீ. மின்சாரம் நின்றாலும் வார்ம் கியர் நிலையை விடாது. பல்லிடை ஆட்டம் இருந்தால் காற்றில் ஒளி துடிக்கும். அச்சை ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் போடுங்கள். கடிகாரச் சிப் டிஎஸ்3231 ஆக இருக்கட்டும், ஆண்டுக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் பிசகும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகுள்ள சாதாரண கிரிஸ்டல் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு பிசகும். ஒரு நிமிடம் என்றால் சூரியன் 0.25° நகர்ந்திருக்கும்.

பொருத்தியதும் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு ஒளித்திட்டின் நடுவைச் சுவரில் குறியுங்கள். நாள் முழுதும் சூரியன் போகும் போக்கிலேயே ஒரே அளவு தள்ளி விழுந்தால் பெரும்பாலும் நேரம் தவறு. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விலகினால் முதலில் தூண் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.