டபிள்யூடி-40: கடலோரப் பட்டறையில் நாங்கள் பார்த்தவரை

நாகப்பட்டினத்தில் விசைப்படகு, ஃபைபர் படகு இன்ஜின்களுக்கு வேலை பார்க்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. இங்கே இரும்பை வெளியில் வைத்தால் உப்புக்காற்று விடாது. அதனால் நீலமும் மஞ்சளுமாக இருக்கும் டபிள்யூடி-40 என்ற துருத்தடுப்பு ஸ்பிரே டப்பா எங்கள் மேசையை விட்டு நகர்வதே இல்லை. பல வருடமாகப் புழங்கிய பொருள் என்பதால், இதில் நல்லது எது, ஆகாதது எது என்று எழுதலாம் என்று தோன்றியது.

இதன் முதல் வேலை, உலோகத்தின் மேலிருக்கும் ஈரத்தை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிவது. கடல்நீர் தெறித்த இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு, வெளிப்புற நட்டு, போல்ட், கேபிள் முனை, கிளாம்ப் எல்லாவற்றிலும் லேசாக அடிப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பானர் செட்டுக்கும் லேத் பெட்டுக்கும் இதுதான் காவல். இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இந்தப் பெயரில் உள்ள 40 எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்று ஒரு சிறு நிறுவனம். மொத்தம் மூன்றே பேர். ராக்கெட் துறைக்குத் துருத்தடுப்புக் கலவை செய்து பார்த்தார்கள். 39 கலவைகள் தேறவில்லை. நீரை விலக்கும் கலவை 40ஆவது முயற்சியில்தான் கைகூடியது. டபிள்யூடி என்பது 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அதாவது நீரை விலக்குவது. ஆய்வு நோட்டில் குறித்திருந்த அந்தப் பெயரையே பொருளுக்கும் வைத்துவிட்டார்கள்.

அதை முதலில் பயன்படுத்தியது அட்லஸ் ஏவுகணையைச் செய்த கான்வேர் நிறுவனம், அந்த ஏவுகணையின் வெளித்தோலைக் காக்க. அது மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே அழுத்தம் இல்லாவிட்டால் தானாகவே மடங்கிவிடும் அளவுக்கு மெல்லியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிப்பு விடாது என்பது கடலோரத்தில் தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். அந்த அட்லஸின் கதையும் லேசுப்பட்டதல்ல. 1957 ஜூனில் முதல் சோதனை தோல்வி, செப்டம்பரில் இரண்டாவதும் தோல்வி, டிசம்பரில்தான் ஒழுங்காகப் பறந்தது. 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றியது அட்லஸ் ராக்கெட்டில் ஏறிப் போய்த்தான்.

அப்புறம், கான்வேரில் வேலை செய்தவர்களே கலவையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்தியதைப் பார்த்து, ஸ்பிரே டப்பாவில் அடைத்தார்கள். 1958இல் அது சான் டியேகோ கடைகளுக்கு வந்தது.

எனக்கு இதில் பெரிய விஷயமாகத் தெரிவது அந்த நோட்டுதான். தேறாத கலவைக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வேலை கற்க வரும் பையன்களுக்கும் வந்தவுடன் ஒரு நோட்டு கொடுத்துவிடுவேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். துருப்பிடித்து இறுகிப்போன போல்ட்டுகள் வரிசையாக வரும். ஒருமுறை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் (இன்ஜினின் புகைக்குழாயைப் பிடித்திருக்கும் மரைக் கம்பி) ஒன்று அசையவே இல்லை.

"அண்ணே, இது வராதுண்ணே. அறுத்துடலாமா?"

"நோட்டுல என்ன எழுதியிருக்க?"

வயர் பிரஷ் போட்டு, ஸ்பிரே அடித்து, உடனே கழற்றப் பார்த்தது: அசைவில்லை. ராத்திரி ஊறவிட்டுக் காலையில் கழற்றியது: அசைவில்லை. சுத்தியலால் தட்டி, இறுக்கும் பக்கம் லேசாகத் திருப்பியது: ஒரு மயிரிழை அசைவு. அந்த மூன்றாவது வரி போதும். மறுபடி அடித்து ஊறவைத்து, இறுக்கியும் தளர்த்தியும் மாறி மாறித் திருப்பினான். மறுநாள் மரை கெடாமல் வெளியே வந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

இனி ஆகாதவை. இது நீடித்து நிற்கும் மசகு அல்ல. சைக்கிள் செயினில் அடித்தால் அழுக்கு போகும், ஆனால் துடைத்துவிட்டுச் செயின் ஆயில் விட வேண்டும். பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் சாமானுக்கு கிரீஸ்தான் சரி. படலம் மெல்லியது, தாங்காது. ரப்பர் வாஷரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் இறுகிப்போன போல்ட்டுக்கு, அதற்கென்றே விற்கும், இடுக்கில் ஊடுருவும் பெனெட்ரேட்டிங் ஆயில் இதைவிட வேகமாக வேலை செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இதற்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன். மின்சாரம் ஓடும் எதிலும் அடிக்கக் கூடாது. அடித்த இடத்தில் கேஸ் டார்ச்சைக் காட்டவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

விலை சாதா மெஷின் ஆயிலைவிடக் கூடுதல். வீட்டுக்குச் சின்ன டப்பா போதும். கதவுக் கீல், கேட் தாழ்ப்பாள், தையல் கத்தரி என்று வெகுநாள் வரும். பட்டறைக்கு என்றால், ஸ்பிரே அடிக்கும் மெல்லிய குழாய் டப்பாவோடு ஒட்டியே இருக்கும் பெரியதை வாங்குங்கள். தனிக் குழாய் எப்படியும் தொலைந்துவிடும். வாங்கியதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் உள்ள டப்பா அது, நிழலில்தான் இருக்க வேண்டும்.