சாலட்: பச்சையாகவா, லேசாக வேகவைத்தா?

வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய் மூன்றையும் நான் அடுப்புப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். கடித்ததும் வாயில் தெறிக்கிற அந்தச் சாறுதானே அவற்றின் உயிர்! குடைமிளகாயில் நிறைய இருக்கும் வைட்டமின் சி சூட்டில் குறையும். வேகும் தண்ணீரிலும் கரைந்து போகும். ஒரே தொல்லை, வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். உப்பை முன்கூட்டியே தூவினால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். பரிமாறும்போது தூவினால் போதும்.

ப்ரோக்கோலி, காலிஃப்ளவர் வேறு ரகம். பச்சையாக மென்றால் தாடை வலிக்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. ப்ரோக்கோலியின் பச்சை பளிச்சென்று நிற்கும், தண்டு நறுக்கென்று கடிபடும். பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஈரம் இருந்தால் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் காயில் ஒட்டாமல் வழிந்துவிடும்.

கேரட் இரண்டு விதமாகவும் நன்றாக இருக்கும். துருவினால் பச்சையிலேயே இனிக்கும். ஆனால் வெந்த கேரட்டிலிருந்து, அதுவும் கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால், பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் சத்து) உடம்பில் கூடுதலாகச் சேரும். வெயில் நாளில் துருவல், குளிர்ந்த மாலையில் வெதுவெதுப்பான துண்டுகள் என்று மாற்றிக்கொள்கிறேன்.