செல்பிப் பேச்சுத் தேர்வுக்கான வார இறுதி வகுப்பு: பெங்களூரு அல்சூரில் ஒரு பயிற்சி நிலையம்

கனடாவில் குடியேற விண்ணப்பிப்போர் எழுதும் செல்பிப் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் எட்டு வினாக்கள் உண்டு. முதல் வினா அறிவுரை கூறுவது. யோசிக்க 30 விநாடி, பேச 90 விநாடி. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் இருப்பதுபோல் எதிரே ஒருவர் அமர்ந்து கேட்பதில்லை என்பதால், கணினியிடம் பேசிப் பழகாதவர்கள் பாதி நேரத்திலேயே பேச்சற்றுப் போகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதில் இந்த நிலையம் உண்மையாகவே உழைக்கிறது. (குறைகளும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.)

மாணவர்கள் அனைவரையும் ஹெட்போன் மாட்டி ஒரே நேரத்தில் பேசவைக்கிறார்கள். தேர்வறையிலும் பக்கத்து இருக்கைக்காரரின் குரல் காதில் விழும் என்பதால் இது வீண் சத்தமன்று. பழைய கார் வாங்கவிருக்கும் நண்பருக்கு அறிவுரை கூறும் பயிற்சியில், என் அருகிலிருந்தவர் மைலேஜ், காப்பீடு, கடன், மெக்கானிக், நிறம் என வரிசையாக அடுக்கிவிட்டு, நேரம் மிச்சமிருக்க விழித்தார். ஆசிரியை அந்தப் பதிவை ஓடவிட்டு, காப்பீட்டையும் மெக்கானிக்கையும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மெக்கானிக்கை ஏன் உடன் அழைத்துப்போக வேண்டும், தவறினால் எந்தச் செலவு தலையில் விழும், தெரிந்த மெக்கானிக் இல்லையென்றால் யாரை அணுகலாம் என்று விரித்துப் பேசியபோது அவருக்கு நேரம் போதவில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் செலுத்தலாம்.

ஆனால், எல்லோர் கையிலும் ஒரே தொடக்க வாக்கியங்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வினாவுக்குப் பொருத்தமான தொனியில் பேசினோமா என்பதும் மதிப்பெண்ணுக்குரியது. சுற்றுலா செல்லும் தோழியிடம் பேசவேண்டிய அதே உற்சாகத்தில், வேலை பறிபோன உறவினரிடமும் மாணவர்கள் தொடங்குகிறார்கள். தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆசிரியை அதைத் திருத்துவதும் இல்லை, அந்தத் தாள் மேலிடத்திலிருந்து வருகிறதாம்.

ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வண்டியில் வருவோருக்கு நிறுத்த இடம் கிடையாது. குரல் பதிவுகளை நம் கைபேசிக்கு அனுப்பாமல் வகுப்பு முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். முதல் வாரப் பேச்சையும் கடைசி வாரப் பேச்சையும் வீட்டில் ஒப்பிட்டுக் கேட்க வழியில்லை. வாங்கும் கட்டணத்துக்கு அதையாவது கொடுத்தனுப்பலாம்.