இருமுகத் துளிகளுக்கு வோர்டெக்ஸ் மிக்ஸர் போதுமா? ஒரு மதிப்புரை

ஒன்றோடொன்று கலவாத இரண்டு எண்ணெய்களை நீரில் சிதறடித்து, ஒவ்வொரு துளியும் ஒரு பக்கம் ஓர் எண்ணெயும் மறுபக்கம் மற்றோர் எண்ணெயுமாக நிற்கும் ஜானஸ் பால்மத்தைத் தயாரிக்க, மெல்லிய கால்வாய்கள் வழியே திரவங்களைச் செலுத்தும் நுண்பாய்மச் சில்லும் ஊசிப் பம்பும் இல்லாமல் முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வக மேசையில் சோதனைக்குழாயை அழுத்தியவுடன் சுழன்று அதிரும் சாதாரண வோர்டெக்ஸ் மிக்ஸரே இதற்குப் போதும் என்பது, அதைப் பயன்படுத்திப் பார்த்தபின் நான் வந்த முடிவு. ஆனால் துளிகள் ஒரே அளவில் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தாது.

நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் வரை செல்லும், ரப்பர் கிண்ணம் பொருத்திய வகையில், சிலிக்கோன் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், டுவீன் 80 என்ற பால்மமாக்கி கரைத்த நீர் ஆகியவற்றைக் கலந்தேன். சிலிக்கோன் எண்ணெயும் தாவர எண்ணெயும் எளிய கலக்கலிலேயே இருமுகத் துளிகளைத் தரும் என்பதை ஆய்வாளர்கள் ஹசினோவிச்சும் ஃப்ரீபெர்கும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். துளியின் வடிவத்தைத் தீர்மானிப்பது கருவியன்று. இரு எண்ணெய்களுக்கு இடையிலும், ஒவ்வோர் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலும் உள்ள மூன்று இடைமுக இழுவிசைகளே (இரு திரவங்கள் தொடும் பரப்பைச் சுருக்க முயலும் விசைகளே) அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் எந்த ஒன்றும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை மிஞ்சாதபோதுதான், ஓர் எண்ணெய் மற்றதை முழுதும் விழுங்காமலும் இரண்டும் பிரிந்து போகாமலும் ஒட்டி நிற்கும் என்பது 1970-இல் டோர்சாவும் மேசனும் விளக்கிய விதி. துளிகளை உடைத்து மோதவிடுவது மட்டுமே கருவியின் வேலை என்பதால், அது முரட்டுத்தனமாகக் கலக்கினாலும் பாதகமில்லை.

குறைந்த வேகத்தில் இந்தக் கருவி ஏமாற்றுகிறது: இரண்டு எண்ணெய்களும் நீரைவிட இலேசானவை என்பதால் மேலே படலமாகவே தங்கிவிடுகின்றன. குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், முழு வேகத்தில், விட்டுவிட்டு அழுத்தினால் நல்ல பால்மம் கிடைக்கிறது. தொடர்ந்து ஓடவிட்டால் டுவீன் நுரைத்து, நுண்ணோக்கியில் காற்றுக்குமிழிகளே கண்ணை மறைக்கும். சிலிக்கோன் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.40, ஆலிவ் எண்ணெயினுடையது 1.47 என்பதால், சாயமின்றியே இரு பக்கங்களும் தனித்தனியே தெரிகின்றன. இது கருவியின் சிறப்பன்று, எண்ணெய்களின் சிறப்பு.

பெரிதும் சிறிதுமாகத் துளிகள் கலந்து வருவதோடு, ஒவ்வொரு துளியிலும் எண்ணெய்களின் விகிதமும் மாறுவதுதான் பெரிய குறை. விகிதம் சீராக வேண்டுமென்றால், 2015-இல் ஸ்வேகர் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட வழி உண்டு: ஹெக்சேன், பெர்ஃப்ளூரோஹெக்சேன் என்ற இரு திரவங்களும் ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒன்றாகக் கலந்துவிடும், அந்நிலையில் பால்மமாக்கிக் குளிர்வித்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் அவை பிரியும். அதற்கும் இந்த மிக்ஸர் உதவும் என்றாலும், சூடேற்றும் வசதி இல்லாததால் கலக்கும்போதே குழாய் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில மில்லிலிட்டர் அளவில் செய்து, நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்க விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். இத்துளிகளிலிருந்து ஒரே அளவுள்ள துகள்களை வார்க்கும் நோக்கமுடையோர் நுண்பாய்மச் சில்லுக்கே செலவிட வேண்டும்.