லோரோங் ஹாலுஸ் ஈரநிலம்: குடிநீரைக் காக்கும் நாணற்படுகை

சிங்கப்பூரின் வடகிழக்கில், பொங்கோலிலிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்து சென்றடையும் லோரோங் ஹாலுஸ் ஈரநிலத்தை வெறும் பூங்காவாக மதிப்பிடுவது போதாது. 1999 வரை குப்பை கொட்டப்பட்ட நிலத்தையொட்டி இது அமைந்துள்ளது. அருகிலுள்ள சிராங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை எழுப்பிக் குடிநீருக்கான நீர்த்தேக்கத்தை உருவாக்கிய பொதுப் பயனீட்டுக் கழகம், மண்ணுக்குள் புதைந்த குப்பையினூடே கசியும் கழிவுநீர் அந்த நீரில் கலந்துவிடாதபடி, அதைத் திரட்டி, நாணற்படுகைகளிலும் தெளிவுக் குளங்களிலும் படிப்படியாகச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நீர்த்தாவரங்களின் வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்களே மாசைச் சிதைக்கின்றன என்பதால், இங்குள்ள பசுமை அலங்காரமன்று, அதுவே இயந்திரம்.

முக்குளிப்பான் சிங்கப்பூரில் அரிதாகிவிட்ட பறவை. அதற்கும் இக்குளங்கள் புகலிடமாக இருந்திருப்பது, பொறியியலாக மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. நுழைவுக் கட்டணமில்லை. வெயில் ஏறுமுன் காலையிலேயே செல்வது நல்லது. நீர் சுத்தமாகும் முறையைப் பிள்ளைகளுக்கு நேரில் விளக்க இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் இத்தீவில் கண்டதில்லை.